வறண்ட நிலத்தில் மந்தக் குடல்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் விருதுநகர் வட்டாரமும்

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இரண்டு நாளாக வயிற்றுவலி என்று வருகிறான். வலது அடிவயிற்றை அழுத்தினால் பிசைந்த மாவு உருண்டையைப் போல ஏதோ கையில் தட்டுப்படுகிறது. வாந்தியும் தொடங்கிவிட்டது. சிவகாசியானாலும் சாத்தூரானாலும் அருப்புக்கோட்டையானாலும் மருத்துவர் மனத்தில் முதலில் எழுவது குடல்வால் அழற்சி. அடுத்தது குடல் காசநோய். இன்னும் சின்னப் பிள்ளையாக இருந்தால் பூச்சிக்கட்டு, குடல் செருகல். இந்த வரிசையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் அந்த மூலையைத்தான் காசநோயும் பெரிதும் நாடுகிறது. நம் நாட்டில் அதை முதலில் நினைக்காத மருத்துவரைத்தான் குறை சொல்ல வேண்டும். ஆனால் அதே மூலையில் வந்து உட்காரும் இன்னொரு நோய் இருக்கிறது. பட்டியலின் கடைசி வரியில்கூட அதற்கு இடம் கிடைப்பதில்லை.

அது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெறும் பிள்ளைக்கு மட்டுமே வரும் பிறவி நோய். கேள்விப்பட்டவர்களுக்கும் அது நுரையீரல் நோயாகத்தான் அறிமுகம்: கெட்டியான சளி, ஓயாத இருமல், திரும்பத் திரும்ப வரும் கிருமித் தொற்று. உயிரைப் பெரும்பாலும் பறிப்பது நுரையீரல்தான் என்பதால் அந்தப் பெயர் நியாயமானதே. ஆனால் வெயில் நிலத்தில் இந்நோயை இருமலைக் கொண்டு மட்டும் தேடினால் பல பிள்ளைகளைத் தவற விடுவோம். குடலையும் உப்பையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும் என்பதே என் எண்ணம். இந்த நோயின் வரலாறும் வயிற்றிலிருந்துதான் தொடங்குகிறது.

ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர், 1905-இல் வியன்னாவில், பிறந்ததும் குடல் அடைபட்டு இறந்த சிசுக்களின் உடலை ஆராய்ந்தார். முதல் மலம் கீல்போல இறுகிக் குடலை அடைத்திருந்தது, கணையமும் பழுதாகியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதை அவர் பதிவு செய்தார். 1938-இல் நியூயார்க்கின் டாரதி ஆண்டர்சன், செரிமானம் இல்லாமல் மெலிந்து இறந்த குழந்தைகளின் கணையங்களை ஆராய்ந்து இதைத் தனி நோயாக நிறுவினார். நோயின் பெயரும் கணையத்தில் கண்ட கொப்புளங்களிலிருந்தும் தழும்புகளிலிருந்தும் வந்ததே. பத்தாண்டு கழித்து, 1948 கோடையில், நியூயார்க்கை வெப்ப அலை தாக்கியது. நீரிழப்போடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருந்தார்கள். பால் டி சான்டாக்னீஸ் ஏன் என்று துருவினார். அவர்களுடைய வியர்வையில் உப்பு பலமடங்கு கூடுதல் என்பது 1953-இல் வெளிவந்தது. இன்றுவரை நோயை உறுதி செய்யும் முதன்மைச் சோதனை அந்த வியர்வை உப்புதான். ஒரு வெப்ப அலை வந்துதான் நியூயார்க்குக்கு இது புரிந்தது. விருதுநகர் மாவட்டத்துக்கு வெப்ப அலை என்பது விருந்தாளி இல்லை. ஏப்ரல் முதல் அது வீட்டு ஆள்.

மழை மறைவுப் பகுதி, கரிசல் மண், ஈரமற்ற காற்று. இந்த வறட்சிதான் இவ்வட்டாரத்துக்குத் தொழிலும் கொடுத்தது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது, குச்சியும் மருந்தும் காய்வதற்கு இந்த வெயில் கைகொடுத்தது. பிறகு பட்டாசும் அச்சும் வந்தன. காகிதமும் கரிமருந்தும் விரும்பும் அதே காற்று, உப்பைத் தக்கவைக்கத் தெரியாத உடலுக்குப் பகை.

உப்பை ஏன் தக்கவைக்க முடிவதில்லை? 1989-இல் லாப்-சீ சூயி, ஜாக் ரியோர்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஏழாவது குரோமோசோமில் சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவைக் கண்டுபிடித்தன. அது உருவாக்கும் புரதம் உயிரணுவின் சவ்வில் ஒரு வாயிலாக நின்று குளோரைடையும் பைகார்பனேட்டையும் கடத்துகிறது. வியர்வைக் குழாயில் அது உப்பை உடலுக்குள் மீட்டுக்கொள்ள உதவும். குடலிலோ உப்பையும் அதன் பின்னே நீரையும் வெளியே விட்டு உள்சுவரை நனைத்து வைக்கும். வாயில் பழுதானால் வியர்வையில் உப்பு வழிந்தோடும், குடல் வறளும். காலரா கிருமியின் நஞ்சு செய்வது இதற்கு நேர் எதிரானது: இதே வாயிலை மூடவிடாமல் திறந்து வைத்து உடலின் நீரை வடித்துவிடுகிறது. ஒரே கதவு, திறந்தே கிடந்தால் காலரா, திறக்கவே இல்லையென்றால் இந்த நோய்.

பைகார்பனேட்டின் பங்கை ஆராய்ச்சியாளர்கள் உணரக் காலம் பிடித்தது. குடலும் மூச்சுக்குழலும் சுரக்கும் சீதம் உயிரணுவுக்குள் இறுக்கமாக மடிந்திருக்கும். வெளியே வந்து விரிந்து வழுவழுப்பாவதற்குப் பைகார்பனேட் தேவை. இதை வலியுறுத்தியவர்களில் முதன்மையானவர் பால் குவின்டன். இந்நோயாளிகளின் வியர்வைக் குழாயில் குளோரைடு கடப்பதில்லை என்று 1983-இல் காட்டியவரும் அவரே. அவருக்கே இந்த நோய் உண்டு.

இனிக் குடலின் ஓட்டத்துக்கு வருவோம். உணவுக்குழாயில் அமிலம் மேலேறுவது இந்நோயாளிகளிடம் சாதாரணம். இருமலும், தலையைத் தாழ்த்திச் சளி எடுக்கும் பழைய முறையும் அதைக் கூட்டும். இரைப்பை சிலரிடம் விரைவாகவும் சிலரிடம் மிக மெதுவாகவும் காலியாகிறது. நுரையீரல் மாற்று அறுவையின்போது வேகஸ் நரம்பு சேதப்பட்டால் இரைப்பை ஏறக்குறைய நின்றேபோகலாம். இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது சிறுகுடல்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு, நோயாளிகள் 12 பேரையும் நலமுள்ளவர்கள் 12 பேரையும் உணவு கொடுத்து எம்.ஆர்.ஐ. கருவியில் பல மணி நேரம் பின்தொடர்ந்தது. 2021-இல் வெளிவந்த அந்த ஆய்வில், உணவு பெருங்குடலை எட்ட நலமுள்ளவர்களுக்கு நடுத்தரமாக 210 நிமிடம் ஆனது. நோயாளிகளுக்கு 330 நிமிடம். இதைவிட வியப்பானது வேறொன்று. நோயாளியின் சிறுகுடல் வறண்டு கிடக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். படத்தில் தெரிந்ததோ கூடுதல் நீர். நீர் இருக்கிறது, கடைசி மூலையைத் தாண்டிப் போகவில்லை. அடுத்த வேளை உணவு இரைப்பைக்குள் விழுந்ததும் சிறுகுடலின் கடைப்பகுதி தன்னிடம் உள்ளதைத் தள்ளிவிட வேண்டும். அந்தத் தள்ளல் மங்கியிருந்தது.

ஆகவே பழைய கேள்வி மறுபடியும் எழுகிறது: உள்ளே இருப்பது ஒட்டிக்கொள்வதால் குடல் மெதுவாகிறதா, குடலே மெதுவாக இருப்பதால் உள்ளே இருப்பது ஒட்டிக்கொள்கிறதா? கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டி லைல், இந்நோய்க்கான மரபணு மாற்றப்பட்ட எலிகளில் சிறுகுடல் ஓட்டம் மிகவும் தாழ்ந்திருப்பதையும் அங்கே கிருமிகள் பெருகியிருப்பதையும் கண்டார். கிருமிகளை மருந்தால் அகற்றிப் பார்த்தார், ஓட்டம் சீராகவில்லை. கிருமிப் பெருக்கம் மந்தத்தைக் கூட்டலாம், ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்று ஆகிறது. குடல் சுவரின் அழற்சி, தசையின் சுருங்கும் திறன், செரிக்காமல் கீழே இறங்கும் கொழுப்பு குடலுக்குப் போடும் தடை எல்லாமே சேர்ந்திருக்கின்றன. ஒரே காரணத்தைப் பிடித்து ஒரே மருந்து கொடுக்கும் ஆசை இங்கே பலிக்காது என்பதே என் கணிப்பு.

இந்த மந்தத்தின் உச்சம்தான் தொடக்கத்தில் சொன்ன பையனின் வயிறு. மருத்துவர்கள் டி.ஐ.ஓ.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் கடைச்சிறுகுடல் அடைப்பு. ஐரோப்பியக் குழந்தை இரைப்பை-குடலியல் சங்கத்தின் பணிக்குழு இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தது: குடல் அடைபட்டதற்கான அறிகுறி, அதாவது பித்த வாந்தியோ எக்ஸ்ரேயில் நீர்மட்டக் கோடுகளோ; சிறுகுடல் முடியும் இடத்தில் மலக்கட்டி; வலி அல்லது வயிற்று உப்புசம். மூன்றும் இருந்தால் முழு அடைப்பு. சில நாள் வலியோடு கட்டி மட்டும் இருந்தால் அரை அடைப்பு. சாதாரண மலச்சிக்கல் வேறு. அது வாரக்கணக்கில் மெல்லச் சேரும், பெருங்குடல் முழுதும் நிறைந்திருக்கும், இடப்பக்கமும் தட்டுப்படும். டி.ஐ.ஓ.எஸ். திடீரென்று வலது மூலையில் வரும். கணையம் வேலை செய்யாதவர்கள், பிறந்தபோதே குடலடைப்பு வந்தவர்கள், ஏற்கெனவே ஒருமுறை டி.ஐ.ஓ.எஸ். கண்டவர்கள், நீரிழப்புக்கு ஆளானவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். இந்நோய்ப் பிள்ளைகளில் ஆறில் ஒருவர் அளவுக்குப் பிறக்கும்போதே குடலடைப்போடு பிறக்கிறார்கள். அறுவை செய்து காப்பாற்றப்பட்ட அந்தச் சிசுவுக்கு ஏன் அடைத்தது என்று எவரும் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பினால், பதினைந்து வருடம் கழித்து அதே வயிறு இன்னொரு முறை மேசைக்கு வரும்.

மேற்சொன்ன ஆபத்துகளில் நீரிழப்புதான் நம் ஊருக்கு நெருக்கமானது. உப்பு வியர்வையில் போய்விட்ட குழந்தைக்கு ரத்தத்தில் சோடியமும் குளோரைடும் தாழ்கின்றன. அதை ஈடுகட்டும் முயற்சியில் சிறுநீரகம் பொட்டாசியத்தை இழக்கிறது. ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. சூடோ பார்ட்டர் என்று அழைக்கப்படும் இந்நிலை வெப்ப நாடுகளில் இந்நோயின் முதல் அறிகுறியாகவே வருவதுண்டு. பொட்டாசியம் தாழ்ந்தால் குடல் தசை சோர்ந்துவிடும் என்பது எந்த உள்நோயாளிப் பிரிவிலும் தெரிந்த சங்கதி. ஆக, வெயில் இரண்டு வழியாகக் குடலை நிறுத்துகிறது: உள்ளிருக்கும் நீரைக் குறைத்து ஒன்று, தசையைத் தளர்த்தி மற்றொன்று. கோடையில் வாந்தியோடும் சோர்வோடும் வரும் சவலைக் குழந்தைக்குப் பேதி அதிகமில்லாமலே ரத்தத்தில் உப்புகள் இப்படித் தாழ்ந்திருந்தால், சோதனைச் சாலைத் தாளிலேயே நோயின் பாதி விலாசம் எழுதியிருக்கிறது.

இந்தியாவில் இது வெள்ளைக்காரர் நோய் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. இங்கே முதல் விவரிப்புகள் 1968-இல் வந்தன. பிறகு தில்லி எய்ம்ஸில் எஸ்.கே. கப்ரா குழுவும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஸ்நேகா வர்க்கி உள்ளிட்ட குழந்தை மருத்துவர்களும் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்தபோது, இது நம்மிடம் இல்லாத நோயல்ல, நாம் காணாத நோய் என்று தெளிவானது. இந்தியர்களிடையே எத்தனை பிறப்புக்கு ஒருவர் என்பதற்கான மதிப்பீடுகள் பத்தாயிரத்துக்கு ஒன்று முதல் ஒரு லட்சத்துக்கு ஒன்று வரை சிதறிக் கிடக்கின்றன. விருதுநகர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 19 லட்சம் மக்களுக்கு மேல் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 25,000 பிறப்பு என்று கொண்டால், தாழ்ந்த மதிப்பீட்டிலும் நாலாண்டுக்கு ஒரு பிள்ளை. உயர்ந்த மதிப்பீட்டில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று. இது என் தோராயக் கணக்குத்தான். இதில் உறவுத் திருமணத்தைச் சேர்க்கவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடந்தவை. அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று பெண் எடுக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். இதைச் சொல்லிக் குடும்பங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களால் அடுத்த குழந்தைக்கு எந்தப் பயனும் விளைவதில்லை. "முதல் பிள்ளை எதனால் தவறியது?" என்று கேட்பதில்தான் பயன்.

வீட்டில் இந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? மாந்தம் என்று உரைமருந்து போகும். சோறு தங்கிவிட்டது என்று தொக்கம் எடுப்பவரிடம் கூட்டிப்போவார்கள். குடலேற்றம் தட்டுவார்கள். விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். பெரும்பாலான வயிறுகளுக்கு இவற்றால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் முழுதாக அடைபட்ட குடலை விளக்கெண்ணெயால் முறுக்கிவிடுவதும், கட்டியுள்ள வயிற்றை அமுக்கித் தேய்ப்பதும் ஆபத்து. இதற்கு நேர்மாறாக நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் ஊறுகாயும் இப்பிள்ளைக்கு மருந்துக்குச் சமம். ஊரெல்லாம் உப்பைக் குறை என்று சொல்லும் காலத்தில், தாத்தாவின் ரத்த அழுத்தத்துக்காக உலையிலேயே உப்பைக் குறைத்துவிட்ட வீட்டில், இந்த ஒரு தட்டுக்கு மட்டும் கூடுதல் உப்பு வேண்டும் என்பதைப் புரியவைப்பது லேசானதல்ல.

கொழுப்பு விஷயத்திலும் இதே தலைகீழ். மலத்தில் எண்ணெய் மிதக்கிறது என்று கண்டதும் எண்ணெயை நிறுத்தச் சொல்லும் பழக்கம் உண்டு. இந்நோயாளிக்கு வயதொத்த மற்றப் பிள்ளைகளைவிட அதிகச் சத்து தேவை, அதில் கணிசமான பங்கு கொழுப்பிலிருந்தே வர வேண்டும் என்பது 1970-களில் டொரன்டோ மருத்துவமனை காட்டிய வழி. இன்று எங்கும் அதுவே முறை. எண்ணெயில் பொரித்த விருதுநகர் பரோட்டாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் சாத்தூர் சேவும் இப்பிள்ளைக்கு விலக்கல்ல, கணைய நொதி மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால். நொதி இல்லாமல் சாப்பிட்டால் அந்தக் கொழுப்பு செரிக்காமல் இறங்கிக் குடலை இன்னும் மந்தமாக்கும். அளவுக்கு எல்லை உண்டு: வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2,500 லைப்பேஸ் அலகு, நாளுக்குக் கிலோவுக்கு 10,000. இருபது கிலோ பிள்ளைக்கு நாளின் உச்சவரம்பு 25,000 அலகு மாத்திரை எட்டு. 1994-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில், மிகை அலகு நொதி எடுத்த சிறுவர்களின் பெருங்குடல் தழும்பேறிச் சுருங்கியது தெரியவந்த பின்பே இந்த வரம்பு வந்தது. இன்னொரு சங்கடம்: இந்த மாத்திரைகளை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. தகர ஓட்டு வீட்டில் மே மாதத்தில் அலமாரிக்குள் இருக்கும் டப்பா வீரியம் இழந்தால், அளவு சரியாகக் கொடுத்தும் மலம் ஏன் எண்ணெயாகவே போகிறது என்று தாய் தவிப்பாள். மண்பானைத் தண்ணீர் இருக்கும் மூலை அதற்குப் பொருத்தமான இடம்.

அடைப்பு வந்தபின் செய்ய வேண்டியது எளிது, விலையும் குறைவு. நரம்பில் நீரும் உப்பும் ஏற்றிப் பொட்டாசியத்தைச் சரிசெய்ய வேண்டும். அரை அடைப்பு என்றால் பாலிஎதிலின் கிளைகால் கரைசலை வாய்வழியோ மூக்குக்குழாய் வழியோ கொடுத்துக் கழுவ வேண்டும். பெருங்குடல் உள்நோக்கிக்கு முன் குடலைச் சுத்தம் செய்யத் தரும் அதே பொடிதான். காஸ்ட்ரோகிராஃபின் என்ற எக்ஸ்ரே திரவமும் நீரை இழுத்துக் கட்டியை இளக்கும். பிறந்த சிசுவின் அடைப்பை இப்படிக் கத்தியில்லாமல் நீக்கலாம் என்று 1969-இல் காட்டியவர் ஹெலன் நோப்லெட். பித்த வாந்தி எடுக்கும் முழு அடைப்பில் வாய்வழி எதுவும் கூடாது. கத்தி கடைசியில்தான். ஆனால் நோய் என்னவென்று தெரியாதபோது கத்திதான் முதலில் வருகிறது.

சொல்லித்தான் ஆக வேண்டும், இத்தனைக்கும் அடிப்படையான சான்று மெலிது. டி.ஐ.ஓ.எஸ். சிகிச்சைக்கு ஒரு முறையான ஒப்பீட்டுச் சோதனைகூட, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் மறுஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. தடுப்புக்குக் கிடைத்ததோ 17 பேரிடம் நடந்த ஒரே சோதனை. அதில் பயன்பட்ட சிசாப்ரைடு இதயத்துக்கு ஆபத்து என்று பின்னர் சந்தையிலிருந்தே போயிற்று. குடல் ஓட்டத்தைத் தூண்ட டோம்பெரிடோன், எரித்ரோமைசின் போன்றவை வழக்கத்தால் கொடுக்கப்படுகின்றன, பலன் நோயாளிக்கு நோயாளி வேறுபடுகிறது. நுரையீரலுக்குக் கிடைத்த ஆராய்ச்சிப் பணத்தில் சிறுபங்கும் குடலுக்கு வரவில்லை. இங்கிலாந்தில் நோயாளிகளையும் மருத்துவர்களையும் சேர்த்து எதை முதலில் ஆராய வேண்டும் என்று கேட்டபோது, வயிற்றுவலி, உப்புசம், குமட்டல் ஆகியவற்றைத் தணிக்கும் வழி இரண்டாம் இடத்தில் வந்தது. நோயோடு வாழ்பவர்களுக்கு எது வலிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பழுதான வாயிலையே திறக்கும் மருந்துகள் 2012 முதல் வந்துகொண்டிருக்கின்றன. 2019 அக்டோபரில் அமெரிக்கா அனுமதித்த மூன்று மருந்துக் கூட்டு, அங்கே ஆண்டுக்கு 3,11,000 டாலருக்கு மேல் என்ற விலையில் வந்தது. அன்றைய மதிப்பில் இரண்டு கோடி ரூபாயைத் தாண்டும். மூச்சுத்திறனை அது உயர்த்தும் வேகம் வியக்கத்தக்கது. குடலில் கிடைத்த மாற்றம் அடக்கமானதே: சிலருக்கு வலி குறைந்தது, பலருக்கு அறிகுறிகள் சிறிதளவே மாறின. ஏற்கெனவே தழும்பேறிய குடலுக்கு வாயில் திறந்தும் பெரிய பயனில்லையோ, சிசுப் பருவத்திலேயே தொடங்கினால் வேறாக இருக்குமோ என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கையில் இந்நோய் மூன்றாம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்பது 2022-இல் வந்த திருத்தம். விலையைப் பார்த்தால் அது சில மாத மருந்து. 2023 பிப்ரவரியில் இந்தியா, தென்னாப்பிரிக்கா, பிரேசில், உக்ரைன் ஆகிய நாடுகளின் நோயாளிக் குடும்பங்கள் இம்மருந்தின் காப்புரிமைக்கு எதிராக ஒரே சமயத்தில் குரல் எழுப்பின. இன்னொரு தடையும் உண்டு. ஐரோப்பாவில் மிகுந்து காணப்படுவதும் இம்மருந்து முதன்மையாகக் குறிவைப்பதுமான எஃப்508டெல் என்ற மரபணு மாற்றம், கப்ரா குழு 2003-இல் வெளியிட்ட இந்தியக் குழந்தைகளின் ஆய்வில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. மருந்து நாளை மலிவானாலும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று மரபணுவைப் பார்க்காமல் சொல்ல இயலாது.

அதனால் விருதுநகரைப் பொறுத்தவரை, மலிவான பக்கத்திலிருந்து தொடங்குவதே புத்தி. சிவகாசியிலிருந்து வேலூர் 400 கி.மீ.க்கு மேல், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு ஆலைக் குடும்பத்துக்கு ஒருநாள் கூலி விட்டுப்போவதே பெரிது. 2022 ஜனவரியில் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. பைலோகார்ப்பின் மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்தி வியர்வை வரவழைக்கும் முறை 1959-இலிருந்து உள்ளது. வெளிநாட்டுக் கருவி இல்லாமலே அதைச் செய்யும் முறையை எய்ம்ஸ் குழு 2002-இல் வெளியிட்டது. தேவை பயிற்சி பெற்ற ஓர் ஆய்வகப் பணியாளர், சோதனை தொடர்ந்து நடக்கும் அளவுக்கு மாதாமாதம் சில பிள்ளைகள். யாரை அனுப்புவது? குடலடைப்போடு பிறந்து பிழைத்தவர்கள், ஆசனக்குடல் வெளித்தள்ளும் மெலிந்த குழந்தைகள், கோடையில் பேதியில்லாமல் உப்பு தாழ்ந்தவர்கள், காசநோய் மருந்து முடித்தும் வலது மூலைக் கட்டி திரும்பி வந்தவர்கள். குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு நாள் மீண்டும் எடுத்து உறுதி செய்ய வேண்டும். 30-க்கும் 59-க்கும் இடையே நின்றால் மரபணு பார்க்க வேண்டும். அப்போதும் வேலூருக்கோ சென்னைக்கோ போக வேண்டியது ஒரு குழாய் ரத்தம்தான்.